பூட்டம்மா அழுத கதை

சிறையின் பெண்கள் பகுதியில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கைதி வைத்தாள். அவள் விடுதலையாகிப் போய்விட்டாள், பெயர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வரும்போது, பூட்டியது போதாதென்று பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்தும் பார்ப்பாள். அந்த இழுப்பின் சத்தத்தை வைத்தே, எந்த அறைக்கு வந்திருக்கிறாள் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டிலும் அதே கைதான். தண்ணீர்ப் பானையின் மூடியைக்கூட அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். "தண்ணி எங்கேயும் ஓடிடாதும்மா" என்று மகள் கேலி செய்வாள்.

ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை அது. புருஷன் ஆண்கள் பக்கத்தில் வார்டராக இருந்தவன். டைபாய்டு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை, போய்விட்டான். சிறைக்கு அப்போது மேலதிகாரியாக இருந்த துரை அவளைக் கூப்பிட்டு, பெண்கள் பகுதியில் ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்டார். இரக்கத்தில் கேட்டாரா, ஆள் கிடைக்காமல் கேட்டாரா என்று அவள் யோசிக்கவில்லை. இடுப்பில் குழந்தை இருந்தது. வேலையோடு குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் கிடைத்தது. அந்த அறையின் பின்சுவர்தான் சிறையின் மதில். ஆணி அடிக்கப் போனால் ஆணி வளையும், சுவர் வளையாது.

துரைமார் கடல் தாண்டி வந்து நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. இன்று ஊர்வலம், நாளை தடியடி, மறுநாள் கடையடைப்பு. அந்தக் கொதிப்பின் ஆவி அவள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது, கொழுந்தன் உருவத்தில். புருஷனின் தம்பி அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன், விடுதலை இயக்கத்தில் தீவிரமாக இருந்தான். அண்ணன் மகளைப் பார்க்க வருவான், வாசல்படியில் நின்றே பார்ப்பான். உள்ளே வந்து உட்காரமாட்டான். ஒருநாள் வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் மொண்டு நீட்டினாள். கையை மடக்கிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. இந்த வீட்டுத் தண்ணி எனக்கு இறங்காது."

"தண்ணியைத் துரை கொடுக்கல தம்பி, குழாய்ல சும்மாதான் வருது" என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். அவன் வாங்காத தண்ணீரைத் தானே குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அவள் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். உப்பிட்டவர் யார், அந்த உப்பு யாருடைய கடலில் விளைந்தது என்றெல்லாம் அவர் சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம்தான் டீச்சர் உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்துக் கூரையில் ஏறி இயக்கத்தின் கொடியைக் கட்டி, கீழே பிள்ளைகளை நிறுத்திப் பாட வைத்த குற்றம். ஒல்லியான உடம்பு, பேச்சு மட்டும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற பேச்சு. பூட்டம்மா பூட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் உள்ளேயிருந்து நன்றி சொல்வார். பூட்டுகிறவளுக்கு நன்றி சொன்ன முதல் கைதி அவர்தான். பூட்டம்மாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டிவிடலாம், நன்றி சொன்னால் என்ன செய்வது?

உள்ளே கோஷம் போட்ட பெண்களின் உள்ளங்கையில் பிரம்பால் அடிப்பது அப்போது வழக்கம். பதினாறு வயசுப் பெண் ஒருத்தியை அடித்ததில் அவளால் தட்டைப் பிடிக்க முடியாமல் போனது. பிரம்படியை நிறுத்தும்வரை சாப்பிடமாட்டேன் என்று டீச்சர் அன்றே அறிவித்தார். முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று ஜெயிலர் சொன்னார். டீச்சருக்குப் பறக்கவில்லை. எழுந்து நிற்க முடியாத நிலை வந்ததும் துரையிடமிருந்து உத்தரவு வந்தது: செத்துத் தொலைத்தால் ஊர் பற்றி எரியும், குழாய் வைத்து ஊட்டுங்கள்.

மருத்துவ அறையில் கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி. கை கால்களைக் கட்ட கான்வாஸ் வார்கள். கொதிக்க வைத்து எடுத்த ரப்பர் குழாய், ஒரு புனல், பாலும் முட்டையும் கலந்த ஒரு ஜாடி. காலை ஒருத்தி பிடித்தாள், தோளை இன்னொருத்தி. தலையைப் பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடிப்பது பூட்டம்மாவின் வேலை. டாக்டர் குழாயை மூக்கில் நுழைத்தார். டீச்சரின் உடம்பு நாற்காலியோடு எழும்பியது. தலை ஒரு பக்கம் திமிறியபோது, குழாய் பிசகும், கெட்டியாகப் பிடி என்று டாக்டர் அதட்டினார். கெட்டியாகப் பிடித்தாள். டீச்சரின் கண்கள் தலைகீழாக அவளையே பார்த்தன.

பூட்டம்மா அழவில்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வாய் விழுங்கித் தொலைத்தால் என்ன கேடு, எல்லோர் பிழைப்பிலும் ஏன் மண்ணைப் போடுகிறாய் என்று மனசுக்குள் திட்டினாள். ஜன்னல் வழியே துவைத்துக் காயப்போட்ட துணிகளைப் பார்த்தாள். வீட்டில் மகளுக்கு மேல் சுடுகிறதே, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்திருப்பாளா என்று நினைத்தாள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒட்டியிருந்த பாலை வார்டர் உடுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாளும் பிடித்தாள், அதற்கு அடுத்த நாளும் பிடித்தாள். இப்படி எத்தனையோ நாள் போன பிறகு, ஊரில் சத்தம் பெரிதாகவே, பிரம்பைச் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்தார்கள். டீச்சர் சாப்பிட ஆரம்பித்தார். பழையபடி நன்றி சொன்னார். அந்தக் கணீர்க் குரல் மட்டும் போய்விட்டிருந்தது. தொண்டை கரகரத்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம், ரயில் நின்றது, சிப்பாய்களில் பாதிப்பேர் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். துரை ஒருநாள் குடும்பத்தோடு கப்பலேறினார். சொல்லிக்கொண்டு போகவில்லை. நாய் மட்டும் பங்களா வாசலில் கட்டிக் கிடந்தது. மறுநாள் ஊரே சிறைக்குள் புகுந்தது.

வெளிக்கதவு பெயர்ந்து விழுந்தது. ஆண்கள் பக்கத்துத் தலைமை வார்டரை முற்றத்தில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவர் கால் அன்று ஒடிந்தது, கடைசிவரை நேராகவில்லை. பெண்கள் பகுதியின் வாசலில் பூட்டம்மா சாவிக்கொத்தோடு நின்றாள். ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. யாரோ தலைமுடியைப் பிடித்தார்கள், யாரோ முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார்கள். கூட்டத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே முகம் கொழுந்தன் முகம். அவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் டீச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கையை உயர்த்தினார். கரகரத்த தொண்டையில் அவர் பேச, கூட்டம் வாயை மூடிக்கொண்டு கேட்டது.

"அவங்களைத் தொடாதீங்க. எனக்குக் குழாய் வச்சப்போ என் தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதவங்க அவங்க. அவங்க கண்ணீர் என் நெத்தியில விழுந்துச்சு. அவங்க நம்ம ஆளு."

தலைமுடியைப் பிடித்திருந்த கை விட்டது. குத்தியவனே அவளைத் தூக்கி நிறுத்தி, மன்னிச்சுக்கோங்கம்மா என்றான். பூட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உயிர் தப்பியது மட்டும் புரிந்தது. அப்போது அழுதாள், பயத்தில். பார்த்தவர்கள், எவ்வளவு இளகிய மனசு என்றார்கள்.

அந்த ஒரு பொய்யில் அவள் வாழ்க்கை திசை திரும்பியது. வார்டர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவளை வைத்துக்கொண்டார்கள். டீச்சர் தேர்தலில் நின்று மந்திரியானார். மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சொன்னார். அந்நியனின் உடுப்புக்குள்ளேயும் நம் தாயின் இதயம் துடித்தது என்பார், கூட்டம் கைதட்டும். ஒரு சொட்டுக் கண்ணீர் கொஞ்ச நாளில் தாரை தாரையானது. பள்ளிப் பாடப் புத்தகத்திலும் ஒரு பக்கத்துக்கு ஏறியது, படத்தோடு. படத்தில் இருந்தவள் பூட்டம்மாவைவிட நல்ல நிறம். வீட்டுக்கு வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், சாவிக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நில்லுங்கள் என்று கேட்டு போட்டோ எடுத்தார்.

கொழுந்தன் இப்போது ஆளும் கட்சியின் வட்டச் செயலாளர். உள்ளே வந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான், சாப்பிட்டான், இன்னொரு கரண்டி போடுங்க அண்ணி என்றான். முற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, அன்றைக்கு நான் ஒன்றும் அழவில்லை தம்பி என்று சொல்லிப் பார்த்தாள். "அதான் அண்ணி உங்க பெருந்தன்மை" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தான். அதற்குமேல் அவள் முயலவில்லை. உண்மையைச் சொன்னாலும் அடக்கமாகவே ஆகிவிடுகிறபோது யாரிடம் போய்ச் சொல்வது? தவிர, பொய் சுகமாகவும் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தாள். படிப்பு முடிந்ததும் தலைமைச் செயலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அழுத வார்டரின் மகள் என்பது அந்த வேலைக்கு ஒரு சிபாரிசாகவே இருந்தது.

நாடு சுதந்திரமாகிப் பத்து வருஷம் நெருங்கும்போது துணி மில்லில் தகராறு தொடங்கியது. துரைமார் விட்டுப்போன மில்லை அரசாங்கமே எடுத்து நடத்திவந்தது. தறி ஓட்டுகிற பெண்களுக்கு வேலை நேரத்தைக் கூட்டினார்கள். நாட்டுக்காக இன்னும் கொஞ்சம் உழையுங்கள் என்று சுவரில் எழுதிப் போட்டார்கள். எங்கள் முதுகும் நாட்டில்தானே இருக்கிறது என்று பெண்கள் தறியை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் தேசத்துரோகம் என்று சட்டம் வந்தது. முன்னால் நின்றவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, உள்ளே தள்ளிப் பூட்டு. பூட்டியவள் பூட்டம்மா.

அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்ததால் சிட்டு என்று கூப்பிட்டார்கள். பஞ்சுத் தூசியில் வந்த இருமல் அவளை விட்டுப் போகவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: குற்றம் செய்திருந்தால் நீதிபதியிடம் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டும் நடக்கவில்லை. தட்டைக் கதவுக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டாள்.

புது ஜெயிலர் இஸ்திரி கலையாத காக்கிச் சட்டைக்காரர், பழைய ஆட்சியில் ஆண்கள் பக்கத்தில் கைதியாக இருந்தவர். அவர் பூட்டம்மாவைக் கூப்பிட்டு, மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது, உங்களுக்குத்தான் இதில் பழக்கம் உண்டு என்றார். சொல்லும்போது அவர் மேசையைத்தான் பார்த்தார். கிடங்கிலிருந்து அந்த நாற்காலியை எடுத்து வந்தார்கள். வார்கள் நைந்து போயிருந்ததால் புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

சிட்டு நாற்காலியில் உட்காரும்போது பயந்திருந்தாள். தலையைப் பிடிக்க வந்தவளை அண்ணாந்து பார்த்ததும் அந்த முகம் தெளிந்தது.

"நீங்கதானே அழுதவங்க? நாலாம் வகுப்புப் பாடத்துல படிச்சிருக்கேன்."

ஏளனமில்லை அதில். சொந்தக்காரியைக் கண்ட தெம்பு இருந்தது. பூட்டம்மா உள்ளங்கைகளைக் கன்னப்பொறியில் வைத்து அழுத்தினாள். டாக்டர் குழாயை எடுத்தார். இருமலும் குமட்டலும் சேர்ந்து வர, பால் பூட்டம்மாவின் முழங்கை வரை தெறித்தது. சிட்டுவின் கண்கள் கடைசிவரை அவளை விட்டு அகலவில்லை. எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலை பூட்டம்மா பூட்டுகளை இழுத்துப் பார்க்கவில்லை. கையைப் பலமுறை கழுவினாள். காலையில் லீவு சொல்லிவிட்டு மந்திரியைப் பார்க்கக் கிளம்பினாள்.

மனுக் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் காத்திருந்தாள். பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார்கள். டீச்சருக்கு இப்போது முடி நரைத்திருந்தது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார், உதவியாளரை வெளியே போகச் சொன்னார். சோபாவில் பக்கத்திலேயே உட்காரவைத்தார். பூட்டம்மா மில்லுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். இருமலைச் சொன்னாள். கேட்கக் கேட்க டீச்சரின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

"எனக்கு இன்னைக்கும் பால் வாசம் ஆகாது" என்றார். "தெரியாம உத்தரவு போட்டேன்னு நினைக்காதீங்க. தெரிஞ்சுதான் போட்டேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தத் துணி கப்பலேறினால்தான் கோதுமை வரும். கோதுமை வராவிட்டால் மழைக்காலத்தில் ஊர் பட்டினி கிடக்கும். ஒரு பெண்ணை விட்டால் நாளை துறைமுகம், நாளன்றைக்கு ரயில். அன்று நாம் எதிர்த்தது அந்நியனை, இன்று இவர்கள் எதிர்ப்பது தங்களையே. சாகவிடவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது, வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்றார். குரலில் அதிகாரம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. பூட்டம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் கேட்டது வேறொன்று.

"அன்னைக்கு நான் அழலையே டீச்சர். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

டீச்சர் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லாட்டி உங்களைக் கொன்னிருப்பாங்க."

"சரி. அப்புறமும் மேடையில சொன்னீங்களே."

"ஜனங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. சொல்லச் சொல்ல, எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி ஆயிடுச்சு. நெத்தியில அந்த ஈரம்கூட ஞாபகம் இருக்கு." அவர் பூட்டம்மாவின் முகத்தையே பார்த்தார். "ஒரு சொட்டுக்கூடவா இல்ல?"

இல்லை என்று பூட்டம்மா தலையசைத்தாள். அதைச் சொல்வது, தலையைக் கெட்டியாகப் பிடித்ததைவிடக் கொடுமையாக இருந்தது. டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். உதவியாளர் கதவைத் தட்டினார். ஆயிரம் வேலை, நாடு பெரிது. படி இறங்கி வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான், குழாய் என்னவோ அதே குழாய்தான், பிடிக்கிற கையும் இதே கைதான் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பி ஏறுவதற்கு அவளுக்குத் துணிவில்லை.

மகள் ஆபீஸிலிருந்து வரும்போதே சிடுசிடுவென்று வந்தாள். அம்மா மந்திரி அறைக்குப் போனது மாடிக்கு மாடி பரவிவிட்டது. என்ன கேட்டாய், எதற்குப் போனாய் என்று பிடித்துக்கொண்டாள். இனி அந்தப் பெண்ணின் தலையை என்னால் பிடிக்க முடியாது என்றாள் பூட்டம்மா. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு வழி சொல்கிற மாதிரி இதமாகச் சொன்னாள்.

"நீ விட்டா இன்னொருத்தி பிடிக்கத்தான் போறா. வேலை போகும், இந்த ரூமும் போகும். அதுக்கு நீயே பிடிச்சுக்கோம்மா. அன்னைக்கு மாதிரி அழுதுகிட்டே பிடிச்சுக்கோ. அந்தப் பொண்ணுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்."

கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சில்லை அது. தாயின் மேல் இருந்த பெருமையிலேயே சொன்னாள். அதனால்தான் பூட்டம்மாவுக்கு இத்தனை வருஷம் ஊர் கைதட்டியது எதற்கு என்று அப்போது விளங்கியது. அழுதால் போதும், கையை எடுக்க வேண்டியதில்லை. அவளுக்கே அந்தக் கதை அப்படித்தான் பயன்பட்டிருந்தது.

"நான் அழலடி" என்றாள். "அன்னைக்கு நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். உனக்குக் காய்ச்சல், அதைத்தான் நினைச்சேன்."

மகள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் மருத்துவ அறைக்கு வழக்கம்போல் போனாள். சிட்டுவை உட்காரவைத்து வார்களைக் கட்டினார்கள். டாக்டர் குழாயில் எண்ணெய் தடவினார். பூட்டம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், கைகளைத் தூக்கவில்லை. பிடியுங்கள் என்றார் டாக்டர். முடியாது டாக்டர் என்றாள். கை வலியா என்று கேட்டார். கை நன்றாகத்தான் இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்றாள். பெரிய வீரமாக ஒன்றும் வரவில்லை. தோளைப் பிடித்திருந்த இளம் வார்டரும் கையை எடுப்பாளோ என்று ஒரு கணம் பார்த்தாள். அவள் எடுக்கவில்லை. அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஜெயிலர் வந்தார், மெதுவாகப் பேசினார், உரக்கப் பேசினார், கடைசியில் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் வெளியே வரும்போது கதவு சாத்தப்பட்டது. உள்ளே என்ன நடந்தது என்று அவள் பார்க்கவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. பழைய ஆட்சியில் செய்தவள் நம் ஆட்சியில் செய்ய மறுத்தது ஏன் என்று கேட்டார்கள். அப்போதும் மறுத்திருக்க வேண்டும் என்றாள். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. வேலையை விட்டு நீக்கினார்கள். அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கொழுந்தன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"எங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே அண்ணி" என்றான்.

"தண்ணி குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று போய்விட்டான்.

மகளோடு வேலை பார்த்தவர்கள் அவளுடன் சாப்பிட உட்காருவதை நிறுத்தினார்கள். மகளை வேறு பிரிவுக்கு, தூசி படிந்த பழைய கோப்புகள் இருக்கிற நிலவறைக்கு மாற்றினார்கள். என் தலையெழுத்தையும் சேர்த்து எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். மகள் ஒரு தோழியின் அறைக்குப் போய்விட்டாள். பூட்டம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை தேடிக்கொண்டாள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு தையல்கடையின் பின்னறையை வாடகைக்குப் பிடித்தாள். மாதத்துக்கு ஒருமுறை மகள் வருவாள், நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். வருகிறாளே என்பதே பெரிசு.

சிட்டுவை ஒருவழியாக நீதிபதியிடம் கொண்டுபோனார்கள். கேட்டது கிடைத்தது. நீதிபதி இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்.

செய்தி தெரிந்த பிறகு, பார்வையாளர் நாளில் பூட்டம்மா சிறைக்குப் போனாள். இத்தனை வருஷம் உள்ளேயிருந்து பார்த்த வரிசையில் இப்போது வெளியே நின்றாள். வாசலில் சோதனை போட்டவள் அன்று தோளைப் பிடித்திருந்த அதே இளம் வார்டர். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, கூச்சத்தோடு, இடுப்பையும் பையையும் தடவிப் பார்த்தாள். சரியாகப் பார் என்று பூட்டம்மா சொன்னாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிட்டு வந்து நின்றாள். இன்னும் சுருங்கிப் போயிருந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"பார்த்துட்டுப் போகலாம்னு."

"நீங்க கையை எடுத்துட்டுப் போனப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா? தலையைப் பிடிக்க ஆம்பளைங்க பக்கத்துலேருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க." சிட்டு வலையில் விரலை மாட்டிக்கொண்டாள். "அவங்களுக்குப் பழக்கம் இல்ல, வாயை நெம்பித் திறந்தாங்க. பல்லு ரெண்டு போச்சு."

பூட்டம்மாவுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்ற நேரத்தை நினைத்தாள். பிடித்தாலும் பாவம், விட்டாலும் பாவம் என்று ஆகிவிட்டதே, இதில் எதைச் செய்திருந்தால் இந்தப் பெண்ணின் பல் தப்பியிருக்கும் என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. மன்னித்துக்கொள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் இந்தச் சின்னப்பெண் தன்னைத் தேற்ற வேண்டியிருக்குமே என்று விழுங்கிக்கொண்டாள்.

"தெரியாதும்மா" என்றாள்.

"விட்டது தப்புன்னு சொல்லல" என்றாள் சிட்டு. பிறகு இருமினாள். இருமி முடிக்கும்வரை பூட்டம்மா காத்திருந்தாள். நேரம் முடிகிறது என்று வார்டர் குரல் கொடுத்தாள்.

போகத் திரும்பியவளைச் சிட்டு கூப்பிட்டாள். தன் அம்மா மில்லுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் தனியாக இருப்பதாகவும், தண்டனை விழுந்ததிலிருந்து ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

"வரக்கூடாதுன்னு இல்ல. இங்க வரணும்னா ரெண்டு பஸ் மாறணும், அவங்களுக்குப் போர்டு படிக்கத் தெரியாது. அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டு வருவீங்களா?"

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள் பூட்டம்மா. வீட்டு அடையாளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மில்லின் பின்கேட்டுக்கு எதிரே, தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றாவது கதவு. அடுத்த பார்வையாளர் நாளுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. ஆனாலும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் கடந்து, மில்லுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றாள்.